தெரியும், ஆனா சொல்ல வரல: நேர்காணல் தயாரிப்பு பற்றிச் சில குறிப்புகள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பொறியியல் மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்தும்போதெல்லாம் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான்: "சார், ஆன்சர் தெரியும் சார். ஆனா சொல்ல வரல."

இதைச் சாக்கு என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் பெரும்பாலும் அந்தப் பிள்ளை சொல்வது உண்மை. அதே கேள்வியை எழுத்துத் தேர்வில் கேட்டால் 16 மதிப்பெண்ணுக்கு இரண்டு பக்கம் எழுதிவிடுவார். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டதும் நின்றுபோகிறது. அப்புறம் "நம்ம ஊர்ப் பசங்களுக்கு இங்கிலீஷ் வராது, கான்ஃபிடன்ஸ் இல்ல" என்று ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் இன்னும் சீக்கிரம் நம்பிவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு பாதி தப்பு என்பது என் கருத்து. ஏன் தப்பு, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதை நான் படித்ததையும் பார்த்ததையும் வைத்து இங்கே எழுதி வைக்கிறேன்.

1. நேர்காணல் எவ்வளவு நம்பகமான தராசு?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நேர்காணல் என்பது ஒருவரின் அறிவை அப்படியே எடைபோடும் தராசு அல்ல. இது என் சொந்தப் புலம்பல் இல்லை. நீதிமன்றமும் ஆராய்ச்சியாளர்களும் இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது.

அரசு வேலைக்கு ஆள் எடுக்கத் தனி ஆணையம் என்ற ஏற்பாட்டில் நாம் முன்னோடி. மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் 1929இல் வந்தது. அதன் வாரிசுதான் இன்றைய டிஎன்பிஎஸ்சி. அப்படி ஓர் ஆணையம் இருந்தாலும், வாய்மொழித் தேர்வுக்கு எவ்வளவு மதிப்பெண் தரலாம் என்ற சண்டை நாடு முழுக்க நடந்துகொண்டே இருந்தது.

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் நேர்காணல். அதிலும் பெற்றோர் யார், வீடு எங்கே என்பது போன்ற கேள்விகள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை இப்படி ஒரு நேர்காணலுக்குத் தருவது நியாயமில்லை, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது நீதிமன்றம். முடிந்தால் நேர்காணலை ஒலிப்பதிவு செய்யுங்கள் என்றும் சொன்னது.

வேலை விஷயத்தில் முக்கியமானது 1985இல் வந்த அசோக் குமார் யாதவ் வழக்கு. ஹரியானா அரசுப் பணித் தேர்வு பற்றியது. நேர்காணல் பங்கு 12.2 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றது நீதிமன்றம். இந்த விநோதமான எண் எங்கிருந்து வந்தது? அன்றைய யுபிஎஸ்சி தேர்வில் 2050க்கு 250 நேர்காணல் மதிப்பெண். வகுத்துப் பாருங்கள், 12.2 வரும். இன்று டிஎன்பிஎஸ்சி குரூப் 1இல் எழுத்துத் தேர்வு 750, நேர்காணல் 100. அதாவது 11.8 சதவீதம். குரூப் 4க்கு நேர்காணலே இல்லை. மத்திய அரசும் 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலை எடுத்துவிட்டது.

தனியார் நிறுவனத்தில் இப்படி உச்சவரம்பு எதுவும் கிடையாது. ஆன்லைன் தேர்வு கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அதற்கப்புறம் உள்ளே நடக்கும் அரை மணி நேரம்தான் எல்லாமே. அதனால்தான் ஒரு சாஃப்ட்வேர் வேலைக்குப் போகிறவருக்கு இந்தத் தராசின் குறைகள் தெரிந்திருக்க வேண்டும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? ஒருவர் நேர்காணலில் வாங்கும் மதிப்பெண்ணும், வேலையில் சேர்ந்த பிறகு அவர் செய்யும் வேலையின் தரமும் எந்த அளவுக்குச் சேர்ந்து போகின்றன என்று பல பத்தாண்டுகளாக அளந்திருக்கிறார்கள். 0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் அச்சு அசல் பொருத்தம். 2022இல் பால் சாக்கெட்டும் அவர் குழுவினரும் பழைய கணக்குகளைத் திருத்தி வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்கூட்டியே முடிவு செய்த மதிப்பெண் முறை என்று திட்டமிட்டு நடத்தும் நேர்காணலுக்கு 0.42. வாய்க்கு வந்ததைக் கேட்கும் அரட்டை நேர்காணலுக்கு 0.19.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஒரு நேர்காணலில் தோற்பது உங்கள் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு இல்லை. 0.19 என்பது மிகவும் மங்கலான கண்ணாடி. இரண்டு, அரட்டையை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. திட்டமிட்ட கேள்விகளுக்குத் தயாராக முடியும். பெரிய நிறுவனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம்தான் நகர்கின்றன. சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்ற மாதிரிப் புதிர்க் கேள்விகள் ஒரு காலத்தில் சாஃப்ட்வேர் உலகத்தில் பிரபலம். அவற்றால் பயனில்லை என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் வெளிப்படையாகவே சொன்னார்.

2. படித்தது ஏன் வாயில் வரவில்லை?

நம் படிக்கும் முறையில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. நோட்ஸை நாலாவது முறை புரட்டும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். பார்த்ததும் அடையாளம் தெரிகிறது, அவ்வளவுதான். பார்க்காமல் எடுத்துக் கொடுப்பது வேறு வேலை. தெருவில் போகும் பழைய வகுப்புத் தோழனை முகம் பார்த்ததும் தெரிகிறது, ஆனால் பேர் தொண்டையில் நிற்கிறது இல்லையா? அதே கதைதான்.

இதை ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் அழகாகச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு சின்னக் கட்டுரையை ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால், நான்கு முறை படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 71. படித்தவர்கள்தான் ஜெயித்தார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கணக்கு தலைகீழ். நான்கு முறை படித்தவர்களுக்கு 40, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61. வேடிக்கை என்னவென்றால், நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியதும் அந்த நான்கு முறை படித்த குழுதான்.

நம் பிள்ளைகள் நேர்காணலுக்கு முந்தின வாரம் என்ன செய்கிறார்கள்? "டாப் 100 இன்டர்வியூ கொஸ்டின்ஸ்" பிடிஎஃபை நாலு முறை படிக்கிறார்கள். பரீட்சை அன்று காலை படித்துவிட்டு உள்ளே போய் எழுதிப் பழகிய பழக்கம். நேர்காணலில் கேட்பது வேறு திறமை: பார்க்காமல், வாயால், அந்நியர் முன்னால். அந்தத் திறமையை 17 வருடப் படிப்பில் யாரும் ஒருமுறைகூடப் பழக்கிவிடவில்லை. அதனால் "சொல்ல வரல" என்பதற்குக் காரணம் தைரியக் குறைவு மட்டும் அல்ல. பயிற்சி நடக்கவே இல்லை.

3. முதலில் தமிழில் சொல்லுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரு பதில் வரவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். விஷயமே பிடிபடவில்லை, அல்லது விஷயம் பிடிபட்டிருக்கிறது, ஆங்கிலம் தடுக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனமாகத்தான் தெரியும். பிரித்துப் பார்க்க எளிய வழி, அதையே தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது.

உதாரணத்துக்கு, டேட்டாபேஸில் நார்மலைசேஷன் என்றால் என்ன என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். இந்தக் கேள்வி கேட்காத நேர்காணல் குறைவு. மனப்பாடம் செய்தவர் "ரிடன்டன்சி குறைப்பது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிற்பார். தமிழில் சொல்லச் சொன்னால் இப்படி வர வேண்டும்:

"காலேஜ் பஸ்ல வர்ற 60 பேரோட லிஸ்ட் இருக்கு. ஒவ்வொருத்தர் பேருக்கு எதிர்லயும் டிரைவர் போன் நம்பரையும் எழுதி வெச்சிருக்கோம். நாளைக்கு அவர் நம்பரை மாத்திட்டார்னா 60 இடத்துல திருத்தணும். ஒரு இடம் விட்டுப்போச்சுன்னா ரெண்டு நம்பர் இருக்கும், எது சரின்னு யாருக்கும் தெரியாது. அதனால டிரைவர் விவரத்தை ஒரே இடத்துல வெச்சுட்டு, மாணவர் பேருக்கு எதிர்ல பஸ் நம்பரை மட்டும் எழுதறோம்."

இப்படித் தமிழில் சொல்ல முடிந்தால் உங்களுக்கு விஷயம் தெரியும். மீதி இருப்பது மொழி வேலை மட்டும். தமிழிலும் திணறினால், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டி எந்தப் பயனும் இல்லை. திரும்பப் போய்ப் பாடத்தைப் படிக்க வேண்டும். எத்தனையோ பேர் பாடத்தில் இருக்கும் ஓட்டையை ஆங்கிலக் குறை என்று நினைத்துக்கொண்டு தப்பான கடையில் மருந்து வாங்குகிறார்கள். அதேபோல, விஷயம் நன்றாகத் தெரிந்தவர்கள் ஆங்கிலத்தை வைத்துத் தன்னை மக்கு என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். இரண்டாவது வகைதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

"ஆனா கம்பெனியில இங்கிலீஷ்லதானே கேப்பாங்க?" ஆமாம். அதனால் இரண்டாவது படி: தமிழில் சொன்ன அதே ஐந்து வாக்கியத்தை ஐந்து ஆங்கில வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எட்டு, பத்து வார்த்தைக்குள். அழகான ஆங்கிலம் தேவையில்லை. 60 மாணவர், ஒரு டிரைவர், நம்பர் மாறினால் என்ன ஆகும் என்பது எந்த ஆங்கிலத்திலும் புரியும். செல்போனில் பதிவு செய்து ஒருமுறை கேளுங்கள். முதல் தடவை நம் குரலைக் கேட்கவே சங்கடமாக இருக்கும், மூன்றாவது நாள் பழகிவிடும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் போய்வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கணக்கு: மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு தலைப்பு. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பேசினால் யாரோ போனில் பேசுகிறார் என்றுதான் பக்கத்து சீட்காரர் நினைப்பார். போகும்போது தமிழில், வரும்போது ஆங்கிலத்தில். இரண்டு வாரத்தில் அடிப்படைத் தலைப்புகள் எல்லாம் ஒரு சுற்று வாயில் வந்துவிடும்.

4. கோடிங் கேள்வி: யோசிப்பது வெளியே கேட்க வேண்டும்

கோடிங் சுற்றில் நம் பிள்ளைகள் செய்வது, கேள்வியைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு அமைதியாக எழுதுவது. பரீட்சை ஹாலில் பேசினால் வெளியே அனுப்புவார்கள் என்ற பயிற்சி அப்படி. நேர்காணலில் அந்த அமைதிதான் மதிப்பெண்ணைக் குறைக்கும். கேட்பவருக்கு உங்கள் விடையைவிட நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்த வழிதான் வேண்டும்.

அடிக்கடி வரும் ஒரு கேள்வி. ஒரு பட்டியலில் எண்கள் இருக்கின்றன. எந்த இரண்டைக் கூட்டினால் 100 வரும்? இதை மளிகைக் கடையாக நினைத்துக்கொள்ளுங்கள். கையில் 100 ரூபாய், சில்லறை மிஞ்சாமல் இரண்டு பொருள் வாங்க வேண்டும்.

முதலில் கேள்வி கேளுங்கள். ஒரே பொருளை இரண்டு தடவை எடுக்கலாமா? அப்படி ஒரு ஜோடியே இல்லையென்றால் என்ன சொல்ல வேண்டும்? இதைக் கேட்பது தெரியாத்தனம் இல்லை, வேலையில் தினமும் நடப்பது இதுதான்.

அடுத்து, எளிய வழியைச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளையும் மற்ற எல்லாப் பொருளோடும் கூட்டிப் பார்க்கலாம். கடையில் 10,000 பொருள் இருந்தால் 4 கோடியே 99 லட்சத்து 95 ஆயிரம் ஜோடி. விடை வரும், ஆனால் மெதுவாக வரும்.

அப்புறம் அதைச் சீராக்குங்கள். 35 ரூபாய்ப் பொருளைப் பார்த்ததும் எனக்கு வேண்டியது 65 என்று தெரிந்துவிடுகிறது. 65 ஏற்கெனவே பார்த்தேனா என்று மட்டும் கேட்டால் போதும். பார்த்ததையெல்லாம் ஒரு ஹேஷ் டேபிளில் குறித்து வைத்துக்கொண்டே போனால், 10,000 பொருளையும் ஒரே சுற்றில் முடித்துவிடலாம். கூடுதலாகக் கொஞ்சம் நினைவிடம் செலவாகும், அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இந்த மூன்று படியும் காதில் விழுந்தால், கடைசியில் கோடில் ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒன்றும் பேசாமல் எழுதினால், அது யோசித்து எழுதியதா மனப்பாடமா என்று அவர்களுக்குத் தெரியாது.

5. "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"

இந்தக் கேள்விக்கு வரும் பதில் ஊர் ஊருக்கு ஒரே அச்சு. "மை நேம் ஈஸ்... மை ஃபாதர் ஈஸ் எ ஃபார்மர், மை மதர் ஈஸ் எ ஹவுஸ்வைஃப், மை ஹாபி ஈஸ் லிசனிங் மியூசிக்." அஜய் ஹாசியா வழக்கில் பெற்றோரையும் வீட்டையும் கேட்டது தப்பு என்று வாதம் நடந்தது. இங்கே யாரும் கேட்காமலே நாமே ஒப்பிக்கிறோம்!

அப்பா விவசாயி என்று சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. பெருமையாகவே சொல்லலாம். ஆனால் கேட்பவர் உங்களை வேலைக்கு எடுக்கப் போகிறார், அப்பாவை இல்லை. அந்த விவசாயத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஒரு மாணவியோடு பேசிக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் சொன்னார்: அவர் வீட்டில் மல்லாட்டை போடுகிறார்கள். கமிட்டிக்கு மூட்டை கொண்டுபோவதற்கு முன்னால் போன வாரங்களின் விலையை ஒரு எக்செல் தாளில் போட்டு, வண்டி வாடகையும் சேர்த்து, இங்கே விற்கலாமா பக்கத்து ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று அவர்தான் கணக்குப் பார்த்துச் சொல்வாராம். "இதை ஏம்மா இன்டர்வியூல சொல்லல?" என்று கேட்டேன். "இதெல்லாம் ப்ராஜெக்ட்டா சார்?" என்றார். அவருடைய ரெஸ்யூமில் இருந்ததோ கடையில் காசு கொடுத்து வாங்கிய ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். அதைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டால் பதில் இல்லை.

நேர்காணலில் சொல்லத் தகுந்த கதைக்கு நான்கு கால் வேண்டும்: என்ன நிலைமை, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், என்ன விளைந்தது. மல்லாட்டைக் கதையில் நான்கும் இருக்கிறது. கடையில் வாங்கிய ப்ராஜெக்ட்டில் மூன்றாவது கால் இல்லை. இதுமாதிரி மூன்று கதைகளை எடுத்து வைத்துக்கொண்டால், "ஒரு பிரச்சினையைத் தீர்த்ததைச் சொல்", "குழுவாக வேலை செய்ததைச் சொல்", "தோற்றதைச் சொல்" என்று எப்படித் திருப்பிக் கேட்டாலும் சமாளிக்கலாம். முன்பு என்ன செய்தாய் என்று கேட்கும் இந்தக் கேள்வி முறை 1980களில் பரவ ஆரம்பித்தது. இன்று மனிதவளச் சுற்றில் பாதிக் கேள்விகள் இந்த வகைதான்.

6. சில நடைமுறைக் குறிப்புகள்

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்றே சொல்லுங்கள். ஆனால் அங்கேயே நிறுத்தாதீர்கள். "இதை நான் செய்ததில்லை, ஆனால் இதற்குப் பக்கத்தில் இது தெரியும், அதிலிருந்து யோசித்தால் இப்படி இருக்கலாம்" என்று ஒரு படி எடுத்து வையுங்கள். கதை விட்டால் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

சென்னையில் காலை 9 மணிக்கு நேர்காணல் என்றால் முந்தின நாளே போய்விடுவது நல்லது. இப்போது தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போவது தனிப் பயணம். மூன்று மணிக்கு எழுந்து, வியர்த்து, ஓடி வந்து உட்காருகிறவருக்குத் தெரிந்ததும் மறந்துபோகும்.

யாராவது வேலைக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நேர்மையாக ஆள் எடுக்கிற நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு வேலை தருவதில்லை.

கடைசியாக, கேட்க ஆள் இல்லை என்பவர்களுக்கு. 1999இல் வந்த "தி பிராக்மாட்டிக் புரோகிராமர்" புத்தகத்தில் ஒரு பழக்கம் பற்றி வருகிறது: கோடில் சிக்கல் வந்தால் மேசை மேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, அதனிடம் வரி வரியாக விளக்க வேண்டும். விளக்கும்போதே தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். நம் வீட்டில் வாத்தைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் அந்தக் காலேஜ் பஸ் கதையைச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு, "அப்போ டிரைவர் நம்பரை யார் வேணா மாத்திடலாமா?" என்று அவர் கேட்டால், உங்கள் விளக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நேர்காணல் நடத்துகிறவரின் அடுத்த கேள்வியும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். அதற்கும் பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள்.